நம்பாதவர் கேட்ட நற்செய்தி

இயேசுவின் வாழ்வைக் கலைப்படைப்பாக்கும் தகுதி யாருக்கு உண்டு? அவரை ஆண்டவர் என்று நாவால் அறிக்கையிட்டு நெஞ்சால் நம்புகிறவர்களுக்கு மட்டுமா? வெளியே நின்று அவருடைய குரலைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்களுக்கும் உண்டா? 1964-ஆம் ஆண்டில் இவ்வினா இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கரைப் பெரிதும் அலைக்கழித்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று தம்மைத் தாமே கூறிக்கொண்டவர், மார்க்சியச் சிந்தனையாளர், சமயத்தை இழிவுபடுத்தியதாக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவர் மத்தேயு நற்செய்தியைத் திரைப்படமாக்கினார். அப்படத்திற்குக் கத்தோலிக்க நடுவர் குழுவொன்று பரிசு வழங்கியது. அவர் பெயர் பியர் பாவ்லோ பசோலினி.

நாசரேத்தூரைப் பற்றி நத்தனியேல் எழுப்பிய ஐயம் நாம் அறிந்ததே. எதிர்பாராத இடத்திலிருந்து நன்மை வரக்கூடும் என்பதை மனித உள்ளம் எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் அந்த ஐயத்திற்குப் பிலிப்பு அளித்த மறுமொழி வாதம் அன்று, வந்து காணுமாறு விடுத்த அழைப்பே. திரைப்படக் கலையைக் குறித்துத் திருச்சபை கடந்து வந்த பாதையும் ஏறத்தாழ அத்தகையதே.

திரையும் திருப்பாடுகளும்

திரைப்படம் பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே, 1897, 1898-ஆம் ஆண்டுகளில், கிறிஸ்துவின் பாடுகள் படச்சுருளில் ஏறிவிட்டன. நம் மண்ணுக்குத் திரைப்படம் வந்த கதையிலும் அவருக்கு இடமுண்டு. திருச்சியில் இரயில்வே அலுவலராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை பற்றியது. அவற்றைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துக் காட்டிய அவரே தென்னாட்டில் சினிமாவைப் பரப்பிய முன்னோடி. பம்பாயில் தாதாசாகிப் பால்கே தாமும் படமெடுக்க வேண்டுமென்று உறுதி பூண்டது இயேசுவின் வாழ்க்கைப் படமொன்றைக் கண்ட பிறகுதான். அதன் விளைவே 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'.

அக்காலப் படங்கள் பக்திப் படங்களை அசையச் செய்தவை. கதையை முன்பே அறிந்திருந்த மக்கள் அதைக் கண்ணால் கண்டு கசிந்தனர். பின்னர் ஹாலிவுட் இம்மரபைப் பெருஞ்செலவில் வளர்த்தது. 1927-இல் சிசில் பி. டிமில் எடுத்த 'அரசர்க்கரசர்', அதே பெயரில் 1961-இல் நிக்கலஸ் ரே எடுத்த படம், 1965-இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த மாபெரும் படம் ஆகியவை அவ்வரிசையில் வந்தவை. அவற்றில் அரங்கமும் கூட்டமும் பெரியவை. சிலுவையின் அடியில் நூற்றுவர் தலைவனாகப் புகழ்பெற்ற நடிகர் ஜான் வெயின் நிற்பார். நூற்றுவர் தலைவனைப் பார்க்க வேண்டிய கண்கள் நடிகரைப் பார்த்தன.

அச்சத்திலிருந்து அறிதலுக்கு

திரைப்படத்தைக் குறித்துத் திருச்சபை தொடக்கத்தில் கொண்டிருந்த முதல் உணர்வு கவலை. அக்கவலைக்குக் காரணமும் இருந்தது. இருண்ட அரங்கில் பல்லாயிரம் இளையோரின் உள்ளங்களை ஆட்கொள்ளும் ஆற்றல் பெற்ற ஒரு கருவி, வணிகரின் கையில் மட்டுமே இருந்தது. 1928-இல் ஹேக் நகரில் அகில உலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு தோன்றியது. அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஓசிக்' என்று அதனை அழைத்தனர். அமெரிக்காவில் கத்தோலிக்கர் 'நல்லொழுக்கப் படையணி' ஒன்றை நிறுவி, தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று இலட்சக்கணக்கில் உறுதிமொழி எடுத்தனர். 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 'விஜிலான்ட்டி கூரா' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு இம்முயற்சியைப் பாராட்டினார். நாடுதோறும் படங்களைத் தரம்பிரித்துப் பட்டியலிடவும் வேண்டினார். நல்ல படம் நன்மை விளைக்கும் என்பதை அம்மடல் மறுக்கவில்லை. ஆனால் பங்கு மக்களைச் சென்றடைந்தது பட்டியலே. கோவில் வாசலில் ஒட்டப்பட்ட அப்பட்டியலில் பார்க்கத்தக்கவையும் தகாதவையும் இருந்தன. ஏன் என்ற விளக்கம் இல்லை.

மாற்றம் திரைப்பட விழாக்களின் வழியாக வந்தது. வெனிஸ் விழா 1932-இல் தொடங்கியது. போருக்குப் பின் 1946-இல் கான் விழா தொடங்கியது. படம் விற்பனைப் பண்டம் மட்டுமன்று, ஓவியமும் இசையும் போல அதுவும் கலையே என்ற கருத்து அவ்விழாக்களில் உருப்பெற்றது. ஓசிக் அமைப்பு அங்கே நடுவர் குழுக்களை அனுப்பலாயிற்று. 1947-இல் பிரஸ்ஸல்ஸ் விழாவில் அது தன் முதல் பரிசை வழங்கியது. பட்டியல் போடுகிறவர் தீமையைத் தேடிப் பார்ப்பார். பரிசு கொடுக்கிறவரோ நன்மையைத் தேடிப் பார்த்தாக வேண்டும், அதற்குப் படத்தை முழுதும் காணவும் வேண்டும். 1956-இல் கான் விழாவில், உலகம் அதிகம் அறிந்திராத வங்காள இளைஞர் சத்யஜித் ரே எடுத்த 'பதேர் பாஞ்சாலி'க்கு ஓசிக் சிறப்புக் குறிப்பு கிடைத்தது இப்பார்வையின் பயனே.

ஆனால் பாதை நேராக இருக்கவில்லை. 1945-இல் ரொபெர்த்தோ ரோசெல்லினி எடுத்த 'உரோமை திறந்த நகரம்' நாத்சிகளால் சுட்டுக் கொல்லப்படும் ஒரு குருவை வீரராகக் காட்டியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவரே எடுத்த 'அற்புதம்' என்ற சிறுபடத்தை நியூயார்க்கில் கர்தினால் ஸ்பெல்மன் வன்மையாகக் கண்டித்தார். அவ்வழக்கில் 1952-இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேச்சுரிமைக்குரிய காப்பு திரைப்படத்திற்கும் உண்டென்று கூறியது. 1960-இல் பெடெரிக்கோ பெல்லினியின் 'லா தோல்சே வீத்தா' வெளிவந்தபோது, வத்திக்கான் நாளிதழான 'லொசர்வத்தோரே ரொமானோ' அதனைக் கடுமையாகச் சாடியது. அப்படத்தின் ஒழுக்கக் கருத்தைப் பரிவோடு ஆராய்ந்து எழுதிய இயேசு சபைக் குரு நாசரேனோ தத்தேயி, மிலான் நகரில் தாம் ஆற்றிய பணியினின்று அகற்றப்பட்டார். இத்தகைய சூழலில்தான் பசோலினி வருகிறார்.

குற்றவாளிக் கூண்டில் ஒரு கவிஞர்

1922-இல் போலோஞா நகரில் பிறந்த பசோலினி, தாயின் ஊராகிய காசார்சாவின் பேச்சுமொழியிலேயே முதற்கவிதைகளை எழுதினார். தாய் சுசன்னா எளிய பக்தி கொண்டவர். தம்பி குய்தோ போரின் இறுதியில், 1945-இல், எதிர்ப்புப் படையினருக்கிடையே எழுந்த பூசலில் கொல்லப்பட்டார். பசோலினியின் தனிவாழ்வு குறித்து எழுந்த குற்றச்சாட்டால் 1949-இல் கம்யூனிஸ்டுக் கட்சி அவரை வெளியேற்றியது. ஆசிரியர் வேலையும் போயிற்று. 1950-இல் தாயும் மகனும் உரோமைக்கு வந்து, நகரின் விளிம்பிலுள்ள ஏழைக் குடியிருப்பில் தங்கினர். அங்கே அவர் கண்ட மனிதர்களே அவருடைய நாவல்களிலும், 1961-இல் அவர் எடுத்த முதற்படமான 'அக்கத்தோனே'யிலும் இடம்பெற்றனர். வேலையற்றுத் திரியும் இழிந்த மனிதனொருவனின் முகத்தை, பழைய கோவில் ஓவியங்களில் புனிதர்களைத் தீட்டுவது போல் நேர்முகமாக நிறுத்திப் படம்பிடித்தார். பின்னணியில் பாக்கின் திருப்பாடுகளின் இசை ஒலித்தது. பலர் அதிர்ந்தனர். கிறிஸ்துவின் பாடுகளை அந்த மனிதனோடு இணைக்கும் துணிவு இவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டனர்.

1963-இல் 'லா ரிக்கோத்தா' என்ற குறும்படம் வந்தது. பாடுகளின் காட்சியைப் பெருஞ்செலவில் படமாக்கும் ஒரு குழுவே அதன் களம். நல்ல கள்வனாக நடிக்க வந்த ஏழைத் துணைநடிகன், தனக்குக் கிடைத்த உணவைக் குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு அலைகிறான். பின்னர் பாலாடைக்கட்டி கிடைத்தபோது அளவின்றி உண்டு, படப்பிடிப்பின் நடுவே சிலுவையிலேயே உண்மையாக இறந்துபோகிறான். கலைக்காகக் கட்டிய சிலுவையில் ஏழை சாகிறான், சுற்றி நிற்பவர்கள் கவனிக்கவில்லை என்பதே படத்தின் குரல். அரசு வழக்குரைஞரோ அதில் சமய நிந்தனையைக் கண்டார். படம் பறிமுதலாயிற்று. பசோலினிக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. 1964-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

அசிசியில் ஓர் அறை

இத்தண்டனைக்குச் சில மாதங்கள் முன்னரே வித்து விழுந்துவிட்டது. அசிசி நகரில் தோன் ஜியோவான்னி ரோசி என்னும் குரு 1939-இல் நிறுவிய 'புரோ சிவித்தாத்தே கிறிஸ்தியானா' என்ற பொதுநிலையினர் இயக்கம், கலைஞர்களையும் அறிஞர்களையும் நம்பிக்கை வேறுபாடின்றி அழைத்து உரையாடும் வழக்கம் கொண்டிருந்தது. 1962 அக்டோபரில் பசோலினி அங்கே விருந்தினராகத் தங்கியிருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்க ஒரு வாரமே இருந்த நிலையில், அக்டோபர் 4 அன்று, திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் சங்கத்தின் வெற்றிக்காக மன்றாட இரயிலேறி லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் வந்தார். ஊரே தெருவில் திரண்டது. கூட்டத்திற்குள் செல்ல விரும்பாத பசோலினி அறையிலேயே இருந்துவிட்டார். கட்டிலருகே நற்செய்தி நூல் இருந்தது. எடுத்தவர் மத்தேயுவை முதலிலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

இந்த நிகழ்ச்சியில் வியப்பூட்டுவது ஒன்றுண்டு. அவரை யாரும் மனந்திருப்ப முயலவில்லை. படுக்கையருகே நூலை வைத்தார்கள், அவ்வளவே. பிறகு அவர் படமெடுக்க விரும்பி எழுதியபோது, அந்த இயக்கத்தார் விவிலிய அறிவும் ஆலோசனையும் தந்து துணைநின்றனர். 1963-இல் அவ்வியக்கத்தைச் சார்ந்த குரு ஒருவர் உடன்வர, புனித நாட்டை நேரில் கண்டு வந்தார் பசோலினி. நம்பாதவன் எடுக்கும் படத்திற்கு நம் பெயரைக் கொடுக்கலாமா என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்திருக்கும். இருந்தும் துணிந்தனர். படத்தின் தொடக்கத்தில் பசோலினி, 1963 ஜூனில் மறைந்த திருத்தந்தை அருளப்பரின் மகிழ்ச்சி தவழ்ந்த நினைவுக்கு அதனைக் காணிக்கையாக்கியுள்ளார்.

குகைகளின் எருசலேம்

பாலஸ்தீனம் அவருக்கு ஏமாற்றமளித்தது. நற்செய்தியின் நிலம் அங்கே நவீனக் கட்டடங்களுக்கிடையே மறைந்துபோயிருந்தது. எனவே இத்தாலியின் வறண்ட தென்பகுதியைத் தேர்ந்தார். மத்தேரா நகரின் பாறைக்குகை வீடுகள் அவருக்கு எருசலேம் ஆயின. பரீலே என்ற சிற்றூர் பெத்லகேம் ஆயிற்று. மத்தேராவில் ஏழைக் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு குகைகளில் வாழ்ந்த நிலையை நாட்டின் அவமானமென்று கருதி, அம்மக்களை வேறிடத்தில் குடியமர்த்த 1952-இல் இத்தாலி அரசு சட்டம் இயற்றியிருந்தது. அப்பகுதிக்கு நாடுகடத்தப்பட்டிருந்த எழுத்தாளர் கார்லோ லேவி தம் நூலுக்கு 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்று பெயரிட்டது, இங்கே கிறிஸ்துவும் வரவில்லை என்னும் அம்மக்களின் ஏக்கத்தைக் குறித்துத்தான். பசோலினியின் படத்தில் கிறிஸ்து எபோலியைத் தாண்டி அக்குகைகளின் வாசலுக்கே வருகிறார்.

நடிகர்களை அவர் தேடவில்லை. இயேசுவாக நடித்தவர் என்ரிக்கே இராசோக்கி, 19 வயது ஸ்பானிய மாணவர். தம் நாட்டில் பிராங்கோவின் சர்வாதிகாரத்தை எதிர்க்க ஆதரவு தேடி இத்தாலிக்கு வந்தவர். திருத்தூதர்களுள் சிலர் பசோலினியின் எழுத்தாள நண்பர்கள். மற்றையோர் உழவர், கூலியாள், ஊர் மக்கள். சிலுவையடியில் நின்ற முதிய மரியாவாகத் தம் தாய் சுசன்னாவையே நடிக்க வைத்தார். இளைய மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய் அவர். அக்காட்சியில் அவர் முகம் சுருங்கிக் கதறும்போது அது நடிப்பென்று எண்ண இயலாது.

சிறிய நிறுவனமொன்றின் பொறுப்பில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்தின் உரையாடல் ஏறத்தாழ முழுவதும் மத்தேயுவின் வாசகங்களே. தம் சொந்தச் சொல்லைச் சேர்க்க பசோலினி விரும்பவில்லை. இசையைத் தேர்ந்தபோதோ உலகையே திறந்துகொண்டார். பாக்கின் திருப்பாடுகள் இசையோடு, காங்கோ நாட்டு மக்களின் இசையில் அமைந்த 'மிசா லூபா' திருப்பலிப் பாடலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடலும் கேட்கின்றன. இலத்தீனில் மட்டுமே திருப்பலி நிகழ்ந்து வந்த காலத்தின் இறுதியில், ஆப்பிரிக்கத் தாளத்தில் வானவர் கீதத்தை அப்படம் ஒலிக்கச் செய்தது.

படத்தின் முதற்காட்சியில் சொல்லே இல்லை. கருவுற்ற இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். எதிரே ஓர் ஆண் அவளைப் பார்க்கிறான், அவள் தலை கவிழ்கிறாள். அவன் திரும்பி நடக்கிறான். சூசையின் கலக்கத்தை மத்தேயு ஓரிரு வரிகளில் சொல்லிவிடுவார். நாம் அதை வாசகமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த மௌனத்தில்தான் அது எத்தகைய துயரம் என்பது உறைக்கிறது.

நம்புகிறவனின் கண்ணால்

பசோலினியின் கலைக்கொள்கையை இங்கே சற்று எண்ணிப் பார்ப்பது நலம். நற்செய்தியையும் 'அக்கத்தோனே'வைப் போல நேர்முகமாக, கோவில் ஓவியப் பாணியில் எடுக்கத் தொடங்கினார். சில நாட்களில் அது செயற்கையாகப் பட்டது. கூலியாளைப் புனிதனைப் போலக் காட்டினால் அதில் ஒரு கண்டுபிடிப்பு உண்டு, கிறிஸ்துவையே அவ்வாறு காட்டினால் அது மாமூல். எனவே அப்பாணியை விட்டார். செய்திப்படக்காரர் போலக் கருவியைக் கையில் பிடித்துக் கூட்டத்திற்குள் நுழைந்தார். இயேசுவை விசாரிக்கும் காட்சியை, முற்றத்தில் முண்டியடிக்கும் மக்களின் தலைகளுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்ப்பது போல எடுத்தார். பேதுரு அங்கே நின்று அப்படித்தானே பார்த்திருப்பார்!

இதற்கு அவர் தந்த விளக்கம் ஆழமானது. தாம் நம்பாதவர் ஆதலால், கிறிஸ்து இறைமகன் என்று தம் சொந்தக் குரலில் சொல்ல அவரால் இயலாது. நம்புகிற எளிய மனிதன் ஒருவனின் கண்களைக் கடன்வாங்கி, அவன் காண்பது போல் காண முடியும். 1965-இல் பேசரோ நகர விழாவில் 'கவிதைத் திரைப்படம்' பற்றி அவர் ஆற்றிய உரையில் இக்கருத்தை விரித்தார். படைப்பவர் தம் பாத்திரத்தின் உள்ளத்தில் புகுந்து அதன் பார்வையாலேயே உலகைக் காட்டும்போது திரைப்படம் கவிதையாகிறது என்பது அதன் சாரம். புதிய உத்தியாகச் சொல்லப்பட்ட இது நமக்கு முற்றிலும் அயலானதன்று. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சியில் தியானம் செய்பவர், நற்செய்தி நிகழ்ந்த இடத்தைக் கற்பனையால் கண்டு, அங்கே நிற்பவருள் ஒருவராகிறார். அசிசி நகரின் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு குடில் அமைத்தபோது, பெத்லகேமை அவ்வூர்க் குடியானவர்களின் நடுவே கொண்டுவந்தார். பிரான்சிசின் ஊரில் நற்செய்தியைப் படித்த பசோலினி, தாம் அறியாமலே அதே வேலையைச் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உருவங்களை வணங்கலாமா என்று கிழக்குத் திருச்சபையில் நிகழ்ந்த பெரும்போராட்டத்திற்கு 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் முடிவு கண்டது. வார்த்தை மனிதரானார் என்பதால் அவரைத் தீட்டலாம் என்பதே புனித யோவான் தமஸ்கேனுவின் வாதம். மனிதரானார் என்றால் ஏதோ ஒரு முகத்தோடு, ஏதோ ஓர் ஊரில், வெயிலில் கறுத்து நின்றார் என்று பொருள். பளிங்கு போன்ற அழகிய இயேசுவைக் கண்டு பழகிய நமக்கு இது மறந்துபோகிறது.

வெனிஸ், 1964

செப்டம்பர் 4 அன்று வெனிஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது. வலதுசாரி இளைஞர்கள் அரங்கின் வாயிலில் கூச்சலிட்டனர். இடதுசாரி அறிவாளர் சிலரோ, தம் தோழர் சமயத்திற்கு விலைபோனார் என்று முகம் சுளித்தனர். விழாவின் தலைமைப் பரிசான தங்கச் சிங்கம் அந்தோனியோனியின் 'செம்பாலை'க்குச் சென்றது. பசோலினிக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஓசிக் அமைப்பும் தன் பரிசை இப்படத்திற்கே வழங்கியது. அச்சமயம் உரோமையில் சங்கத்தின் மூன்றாம் அமர்வு தொடங்கவிருந்தது. அங்கு வந்த சங்கத் தந்தையருக்கும் இப்படம் திரையிடப்பட்டது. முந்திய ஆண்டு டிசம்பர் 4 அன்றுதான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய அறிக்கையை ஏற்றிருந்தது. நல்ல படங்களைத் திறனாய்வாலும் பரிசுகளாலும் ஊக்குவிக்க வேண்டுமென்று அது கூறியதற்கு, வெனிசில் ஓர் எடுத்துக்காட்டு அமைந்தது.

இது எளிதில் வந்த இணக்கம் என்று எண்ணிவிடலாகாது. 1968-இல் பசோலினியின் 'தேயொரேமா' படத்திற்கும் ஓசிக் நடுவர் குழு வெனிசில் பரிசளித்தபோது உரோமையிலிருந்து கண்டனம் எழுந்தது. பாலுறவுக் காட்சிகளினூடே இறை அனுபவத்தைப் பேச முயன்ற அப்படத்தைப் பற்றி நேர்மையான கத்தோலிக்கரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அவருடைய பிற்காலப் படங்களுள் நான் எவருக்கும் பரிந்துரைக்கத் துணியாதவையும் உண்டு. ஒருவர் ஒரு நல்ல படம் எடுத்ததால் அவருடைய எல்லாப் படங்களும் நல்லவை ஆகிவிடா. அவர் எடுத்த ஏதோ ஒன்று தீயதாயிற்று என்பதால் நல்லது பொய்யாகிவிடவும் செய்யாது.

1975 நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். அன்று விடியலில் ஓஸ்தியா கடற்கரையருகே பசோலினி கொலையுண்டு கிடந்தார். சிலுவையடியில் மகனுக்காக அழும் தாயாக நடித்த சுசன்னா, இரண்டாம் மகனையும் கொலைக்கே பறிகொடுத்தார். இதனைப் படித்த பிறகு அக்காட்சியை மீண்டும் காண்பவர் வாய் திறந்து பேச நேரமாகும்.

1995-இல் திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை சிறந்த 45 படங்களைச் சமயம், மதிப்பீடுகள், கலை என மூன்றாகப் பிரித்து வெளியிட்டது. சமயப் பிரிவில் பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி' இடம்பெற்றது. இறைமறுப்பாளரென்று பெயர்பெற்ற லூயிஸ் புனுவேலின் 'நசரீன்' அதே பிரிவில் உள்ளது. அன்று சாடப்பட்ட பெல்லினியின் வேறிரு படங்கள் கலைப் பிரிவில் உள்ளன. 2014-இல் 'லொசர்வத்தோரே ரொமானோ', இயேசுவைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் இதுவே ஒருவேளை மிகச் சிறந்தது என்று எழுதியது. 1936-இன் பட்டியலிலிருந்து 1995-இன் பட்டியல் வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். முன்னது எதை விலக்குவது என்று கற்பித்தது, பின்னது எதைக் காண்பது என்று கற்பித்தது. ஓசிக் அமைப்பும் வானொலி, தொலைக்காட்சிக்கான கத்தோலிக்க அமைப்பும் 2001-இல் இணைந்து 'சிக்னிஸ்' ஆயின. அதன் நடுவர்கள் பல விழாக்களில் பிற சபைக் கிறிஸ்தவரோடு அமர்ந்து படங்களை ஆய்கின்றனர்.

நமக்கு எஞ்சும் பணி

இவ்வரலாறு தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. 2006-இல் 'டாவின்சி கோட்' படம் இங்கே திரைக்கு வருமுன்னரே எதிர்ப்பு எழுந்து, தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அப்படம் கலையாகச் சிறந்ததன்று என்பது என் கருத்து. ஆயினும் தடையால் நாம் பெற்றது என்ன? நற்செய்திகள் எவ்வாறு உருவாயின, திருமுறை எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்று பங்குகளில் வகுப்பெடுக்க அருமையான வாய்ப்பு அது. கூச்சல் அடங்கியதும் அவ்வாய்ப்பும் கடந்துபோயிற்று. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் கைபேசி. வாயிலில் நின்று தடுப்பதற்கு வாயிலே இல்லை. எதைப் பார்க்கலாம் என்று குரு பட்டியல் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. எப்படிப் பார்ப்பது என்று பெற்றோரும் ஆசிரியரும் இளையோரும் சேர்ந்து கற்கும் காலம் இது.

தவக்காலத்தில் பங்கு மக்களுக்கு இப்படத்தைத் திரையிட்ட வேளைகளில் பெரும்பாலும் எழும் முறையீடு ஒன்றே: இந்த இயேசு சிரிப்பதில்லை, விரைந்து நடக்கிறார், சினந்து பேசுகிறார் என்பார்கள். உண்மைதான். குழந்தைகளைக் காணும்போது அம்முகத்தில் அரும்பும் புன்னகையும் சிலருடைய கண்ணில் படுவதில்லை. நான் அவர்களிடம் மத்தேயுவின் 23-ஆம் அதிகாரத்தை வீட்டில் உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்வேன். நம் மனத்தில் பதிந்த இயேசுவுக்கும் மத்தேயு எழுதிய இயேசுவுக்கும் இடைவெளி உண்டென்று அப்போது புலப்படும். அன்பு மென்மையாக மட்டுமே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். ஏழையின் தோளில் சுமையேற்றுவோரைக் கண்டு சினவாத அன்பு எத்தகைய அன்பு?

பசோலினி நம்பிக்கை பெற்றாரா என்று கேட்பவர்கள் உண்டு. அது அவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. நாம் அறிவது, அவர் கேட்டார் என்பதே. ஒரு நூலை ஒரே மூச்சில் படித்தார், அதில் தம் சொல்லைக் கலக்க மறுத்தார், அச்சொற்களுக்கு ஏழைகளின் முகங்களைக் கொடுத்தார். ஞாயிறுதோறும் நற்செய்தி வாசகத்துக்கு எழுந்து நிற்கும் நாம், அது முடிந்து அமர்ந்ததும் என்ன வாசகம் என்று கேட்டால் தடுமாறுகிறோம். நம்பாதவர் ஒருவர் அவ்வளவு கவனத்தோடு கேட்ட நற்செய்தியை நம்புகிறவர்கள் எவ்வளவு கவனத்தோடு கேட்கிறோம்? வரும் தவக்காலத்தில் குடும்பத்தோடு ஓர் இரவு, கைபேசிகளை ஒதுக்கிவைத்து, மத்தேயுவை முதலதிகாரத்திலிருந்து இறுதிவரை ஒரே அமர்வில் வாசியுங்கள். மூன்று மணி நேரம் போதும். அதன்பின் அப்படத்தைக் காணுங்கள்.